சின்னக் குழி போதும்: பின்பாயிண்டர் வாங்கப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்தில் புதிதாக மெட்டல் டிடெக்டர் வாங்கிய தம்பி தங்கச்சிமார் என்னிடம் கேட்கும் இரண்டாவது கேள்வி எப்போதும் இதுதான்: "எந்தப் பின்பாயிண்டர் வாங்கலாம், அண்ணை?" முதல் கேள்வி தங்கம் கிடைக்குமா என்பது, அதற்கு நான் வாய் திறப்பதில்லை. இரண்டாவது கேள்விக்கு வயல் ஓரத்தில் நின்று அவ்வப்போது சொன்னதை இங்கே எண் போட்டு எழுதுகிறேன். எல்லா எண்ணுக்கும் ஒரே கனம் இல்லை. நான்காவதையும் பத்தாவதையும் மட்டுமாவது வடிவாக வாசியுங்கள்.

1. முதலில் அதன் வேலை என்னவென்று விளங்கிக்கொள்ளுங்கள். டிடெக்டரின் காயில் பெரும்பாலும் 9 முதல் 11 அங்குலம் அகலம். "இந்த வட்டத்துக்குள் ஏதோ கிடக்கிறது" என்பதோடு அது நின்றுவிடும். புல்லை வெட்டி மண்ணைப் புரட்டிய பிறகு, பொருள் அந்தக் கட்டிக்குள் இருக்கிறதா, குழிச் சுவரில் ஒட்டியிருக்கிறதா, வெளியே அள்ளிப் போட்ட மண்ணோடு போய்விட்டதா என்று காட்டித்தருவதுதான் பின்பாயிண்டர். ஆழத்தைத் துழாவ அதை வாங்குவதில்லை. குழி சின்னதாக இருக்கவும், மண்வெட்டியின் அலகு பொருளில் படாமல் இருக்கவும் வாங்குகிறோம். கமக்காரர் அடுத்த வருடமும் உங்களை வயலுக்குள் விடுவாரா என்பது நீங்கள் எடுத்த நாணயத்தைப் பொறுத்ததல்ல, மூடிவிட்டுப் போன குழியைப் பொறுத்தது.

2. இது இல்லாமல் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பெரிய பித்தளைப் பொத்தான் என்றால் சமாளிக்கலாம். ஆனால் முதலாம் எட்வர்ட் காலத்தில், 1279-80 அளவில், வட்டமான கால்பென்னியும் அரைப்பென்னியும் பெருமளவில் அடிக்கத் தொடங்கும்வரை, இந்த நாட்டுச் சனம் சில்லறைக்கு வெள்ளிப் பென்னியையே பாதியாகவும் காலாகவும் வெட்டிப் பயன்படுத்தியது. முழுப் பென்னியே ஒன்றரைக் கிராம் வராது. அதில் கால்வாசி, ஒரு முக்கோணத் துணுக்கு, எழுநூற்றைம்பது வருட மண் ஒட்டிக் களிமண் நிறத்திலேயே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குச் சரளைக்கல் போலவே படும். கருவி இல்லாதவர் கட்டியை எல்லாம் உடைத்துப் பிசைந்து களைத்து, கடைசியில் "பொய்ச் சிக்னல்" என்று சொல்லி எழும்பிப் போய்விடுவார். நாணயம் அங்கேயே கிடக்கும்.

3. உள்ளே இருப்பது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. குழலுக்குள் ஒரு ஃபெரைட் தண்டு, அதைச் சுற்றிச் செம்புக் கம்பி. மின்னோட்டம் மாறி மாறிப் பாயும்போது நுனியைச் சுற்றி ஒரு காந்தப்புலம் எழும். அதற்குள் உலோகம் வந்தால் அந்த உலோகத்தில் சுழல் மின்னோட்டங்கள் உண்டாகிப் புலத்தைக் குலைக்கும். அந்தக் குலைவைத்தான் கருவி சத்தமாகவோ அதிர்வாகவோ தருகிறது. நெருங்க நெருங்கத் துடிப்பு வேகமாகும். நுனியில் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் உணரும். குழிச் சுவரைத் தடவிப் பார்ப்பதற்கு அந்தப் பக்கவாட்டு உணர்வே உதவும்.

4. பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தான்: எது அதிக தூரம் உணரும்? சின்ன நாணயம் ஒன்றை எந்தக் கருவியும் ஓரிரு அங்குலத்துக்குள்தான் நம்பத்தக்கதாகக் காட்டும். அதற்கு மேல் தூரம் வேண்டுமென்று உணர்திறனைக் கூட்டினால், ஈர மண்ணுக்கும் இரும்புச்சத்துள்ள மண்ணுக்கும் கூடக் கருவி கத்தத் தொடங்கும். குழி முழுவதும் துடித்தால் உங்களுக்கு எந்தத் தகவலும் கிடைக்கவில்லை என்றே பொருள். நான் தேடச் சொல்வது வேறு ஒன்றை: பொத்தானை ஒரு முறை தட்டினால், அந்த இடத்தில் இருக்கும் உணர்வைப் பூச்சியமாக எடுத்துக்கொண்டு புலத்தைச் சுருக்கும் வசதி. விற்பவர்கள் இதை ரீடியூன் என்பார்கள். பெரிய சிக்னலுக்குள் நுனியை வைத்துத் தட்டினால், அடுத்த துடிப்பு பொருளை ஏறக்குறையத் தொடும்போதுதான் வரும். இந்த வசதி எத்தனை விரைவாக, எத்தனை எளிதாக, கையுறை போட்ட விரலால் செய்யக்கூடியதாக இருக்கிறது என்பதைக் கடையிலேயே பாருங்கள். ஒரே பொத்தானை நீண்ட நேரம், குறுகிய நேரம், இரண்டு தரம் என்று அழுத்தி எல்லாவற்றையும் மாற்றவேண்டிய கருவிகள் சில உண்டு. மேசையில் அவை கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். ஜனவரி மழையில் முழந்தாளிட்டு இருக்கும்போது எரிச்சல்தான் மிஞ்சும்.

5. சோதிக்கப் போகும்போது சட்டைப் பையிலிருக்கும் சில்லறையை நீட்டாதீர்கள். இங்கத்தைய ஒரு பென்னியும் இரண்டு பென்னியும் 1992-லிருந்து பெரும்பாலும் செம்பு பூசிய எஃகு. ஐந்து, பத்து பென்ஸ்களும் 2012-லிருந்து நிக்கல் பூசிய எஃகு. எஃகுக்குக் கருவி காட்டும் பதிலும் மெல்லிய வெள்ளிக்குக் காட்டும் பதிலும் ஒன்றல்ல. 20 பென்ஸ் பரவாயில்லை, அது செம்பும் நிக்கலும் கலந்தது. அதைவிட நல்லது நம் வீடுகளிலேயே இருக்கிறது: அறுந்துபோன வெள்ளிக் கொலுசின் ஒரு மணி, அல்லது தங்கத் தோட்டின் சுரை. அந்தச் சுரையை எந்தக் கருவி தயங்காமல் காட்டுகிறதோ அது கால்பென்னியையும் விடாது. (சுரையைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது உங்கள் பொறுப்பு.)

6. இரும்பையும் மற்ற உலோகத்தையும் வேறு வேறு சத்தத்தில் சொல்லும் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. ஆஸ்திரேலிய மைன்லாபின் புரோ-ஃபைண்ட் 35, துருக்கி நோக்டாவின் அக்யூபாயிண்ட் இரண்டிலும் அது உண்டு. என் அபிப்பிராயம் கேட்டால், புதியவருக்கு அது தேவையில்லை. குழியைத் தோண்டி முடித்த பிறகு ஆணி இருக்கிறது என்று கேட்டு என்ன செய்யப்போகிறீர்கள்? ஆணியை எடுத்தே ஆகவேண்டும்; அதற்கு அடியில் வெள்ளி கிடந்திருக்கிறது, இனியும் கிடக்கும்.

7. பேட்டரி. அமெரிக்க கரெட்டின் புரோ-பாயிண்டர் ஏடி 9 வோல்ட் சதுரப் பேட்டரியில் ஓடும். செம்மஞ்சள் நிறத்தால் அதற்குக் 'கேரட்' என்று பட்டப்பெயர். பிரான்ஸின் எக்ஸ்பி எம்ஐ-6 சார்ஜ் செய்வது. அதே நிறுவனத்தின் டியூஸ் டிடெக்டரோடு கம்பியில்லாமல் பேசி, சத்தத்தை ஹெட்ஃபோனுக்கே அனுப்பும். டியூஸ் வைத்திருப்பவர் அதை வாங்குவதில் நியாயம் உண்டு. மற்றவர்களுக்கு நான் சதுரப் பேட்டரியையே சொல்வேன். சார்ஜ் இறங்கினால் வயலில் செருகி எங்கே? ஒரு உபரிப் பேட்டரி பையில் கிடந்தால் கதை முடிந்தது. குளிர் காலத்துக்கு அல்கலைன் வாங்குங்கள், மலிவுக் கட்டில் வருவது வேண்டாம்.

8. நிறம் பளிச்சென்று இருக்கட்டும். கறுப்பும் கடும்பச்சையும் உழுத மண்ணில் வைத்தால் காணாமல் போகும். தண்ணீர் புகாததாகவும் இருக்கட்டும், ஆற்றில் இறங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும்; மேலே சொன்ன கேரட் 6 மீட்டர் ஆழம் வரை தாங்கும், நமக்கு வேண்டியது இங்கிலாந்து மழையைத் தாங்குவது. சுருள் கயிறு ஒன்றால் இடுப்புப் பட்டியோடு கட்டிவிடுங்கள்.

9. நல்ல பெயருள்ள கருவி நூறு பவுணைத் தாண்டும். அதே தோற்றம், அதே பெயர், நாலில் ஒரு பங்கு விலை என்று இணையத்தில் கண்டால் கையை எடுங்கள். கரெட்டின் போலிகள் உலகம் முழுக்க உலவுகின்றன. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஈரம் பட்டதும் தெரியும். பழையதை வாங்குவதென்றால் நேரில் போய், பேட்டரி மூடியைத் திறந்து பச்சைப் பாசி பிடித்திருக்கிறதா பாருங்கள், நுனி தேய்ந்திருக்கிறதா பாருங்கள். சிலர் அதைக் கிளறுகோலாகவே பாவித்திருப்பார்கள்.

10. வாங்கியாயிற்று. இனிப் பழக்கம். கருவியை உலோகத்துக்குத் தள்ளிப் பிடித்து முடுக்குங்கள். மண்வெட்டிக்குப் பக்கத்தில் முடுக்கினால் அந்த இரும்பையே பூச்சியமாக எடுத்துக்கொள்ளும். டிடெக்டரை இரண்டு எட்டுத் தள்ளி வையுங்கள், அல்லது நிறுத்துங்கள். இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக் கீச்சிடும். இரும்பு முனைச் சப்பாத்துப் போட்டவர் முழந்தாளிடும் இடத்தைக் கவனிக்கவேண்டும். மோதிரமும் காப்பும் போட்ட கையால் மண்ணை அள்ளிக்கொண்டே மற்றக் கையால் தேடினால் உங்கள் கலியாண மோதிரத்தைத்தான் திரும்பத் திரும்பக் கண்டுபிடிப்பீர்கள்.

வெட்டுவதற்கு முன் புல்லின் மேலேயே ஒரு தரம் தடவுங்கள். அப்போதே துடித்தால் பொருள் மேல்மண்ணில் இருக்கிறது. குழியே வேண்டாம், ஒரு கீறல் போதும். துடிக்காவிட்டால் மூன்று பக்கம் வெட்டி, நான்காவது பக்கத்தைக் கீல் மாதிரி விட்டுப் புல்லை மடக்குங்கள். முதலில் மடக்கிய கட்டியின் அடிப்பக்கம், பிறகு குழியின் தரை, பிறகு சுவர்கள். எடுக்கும் மண்ணை ஒரு துணியில் போடுங்கள், அதையும் தடவுங்கள். துடிப்பு வந்த இடத்தில் நுனியால் குத்தாதீர்கள். வெள்ளி மிருதுவானது, அறுநூறு வருடம் கீறல் படாமல் இருந்த அரசன் முகத்தில் உங்கள் பிளாஸ்டிக் நுனியும் ஒரு மணல் துகளும் சேர்ந்து கோடு போட்டுவிடும்.

11. சில வேளை ரீடியூன் செய்து பார்த்தும் எல்லாப் பக்கமும் துடிக்கும். அப்போது கருவியை உறையில் போட்டுவிட்டு எழும்பி நில்லுங்கள். பெரிய இரும்பாக இருக்கலாம். இந்த நாட்டு மண்ணில் வெடிக்காத போர்க்காலக் குண்டுகள் இன்னும் வருகின்றன, சந்தேகம் வந்தால் பொலிஸுக்குச் சொல்வதுதான் வேலை. அல்லது புதையலாக இருக்கலாம். 2010-ல் சமர்செட்டில் ஃப்ரோமுக்குப் பக்கத்தில் டேவ் கிரிஸ்ப் என்பவர் சில ரோமச் சில்லறைகளோடு ஒரு குடத்தின் விளிம்பைக் கண்டதும் தோண்டுவதை நிறுத்தி ஆட்களைக் கூப்பிட்டார். குடத்துக்குள் 52,503 நாணயங்கள், ஏறத்தாழ 160 கிலோ. அவர் நிறுத்தியதால், எந்த நாணயம் எந்த அடுக்கில் கிடந்தது என்று தொல்லியலாளர் குறித்துக்கொண்டே எடுக்க முடிந்தது. பிந்திய அரசன் கரௌசியஸின் நாணயங்கள் பெரும்பாலும் மேலே இல்லாமல் நடுவுக்குக் கீழே கிடந்ததை வைத்து, எல்லாம் ஒரே தடவையில் புதைக்கப்பட்டவை என்று அவர்கள் கருதினார்கள். ஒரு பின்பாயிண்டரால் ஒவ்வொன்றாகப் பொறுக்கியிருந்தால் அந்தச் செய்தி போயிருக்கும். 1992-ல் சஃபோக்கின் ஹாக்ஸ்னில் எரிக் லாஸ் தேடப் போனது நண்பரான கமக்காரரின் தொலைந்த சுத்தியலை. கண்டது பதினையாயிரத்துக்குக் கிட்டிய ரோம நாணயங்களும் பொன்னகைகளும். அவரும் மிச்சத்தை மண்ணிலேயே விட்டுவிட்டுச் சொல்லியனுப்பினார். சுத்தியலும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

12. சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிலத்துக்காரரின் அனுமதி இல்லாமல் காலடி வைக்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் உரிமம் இன்றி டிடெக்டர் பாவிப்பது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், பின்பாயிண்டரும் டிடெக்டர்தான். புதையல் என்று 1996-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது கிடைத்தால் 14 நாளுக்குள் மரண விசாரணை அதிகாரிக்கு அறிவிக்கவேண்டும். உங்கள் பகுதிக்குரிய கண்டெடுப்புத் தொடர்பு அலுவலர் அதற்கு வழிகாட்டுவார்.

13. ஊருக்குப் போகும்போது இதைப் பெட்டியில் வைக்காதீர்கள். இலங்கையில் 1940-ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, அனுமதியில்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். இந்தியாவில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் பெறுமதியுள்ள புதையலைக் கலெக்டருக்கு அறிவிக்கவேண்டும். அம்மம்மா வளவில் எதையாவது புதைத்தார் என்ற கதை எல்லா வீட்டிலும் உண்டு. கதையாகவே இருக்கட்டும்.

14. பிள்ளைக்கும் ஒன்று வாங்குவதானால், டிடெக்டருக்குப் பதிலாக முதலில் பின்பாயிண்டரையே வாங்கிக் கொடுங்கள். நீங்கள் புல்லை மடக்குங்கள், பிள்ளை தேடட்டும். கடற்கரைக்குக் கூட்டிப்போனால், அங்கே அனுமதி உண்டா என்று முன்கூட்டிக் கேளுங்கள். லண்டனில் தேம்ஸ் கரையென்றால் துறைமுக ஆணையத்தின் உரிமம் வேண்டும். உப்பு நனைந்த மணலில் கருவி சும்மா துடிக்கும். நுனியை ஈர மணலில் வைத்து, பொத்தானை ஒரு தரம் தட்டி, சத்தம் அடங்கிய பிறகு பிள்ளையின் கையில் கொடுங்கள்.