'கேலஸ்', 'இன்டிஃபரன்ட்': பொருள் வேறுபாடும் தமிழாக்கச் சிக்கலும்

பிறர் துயரை உணராமையைச் சுட்டும் ஆங்கிலப் பெயரடைகளுள் 'கேலஸ்', 'இன்டிஃபரன்ட்' ஆகிய இரண்டையும் 'இரக்கமற்ற' என ஒரே சொல்லால் பெயர்ப்பது எளிது. ஆயின் அவை சுட்டும் குறை ஒன்றன்று.

'கேலஸ்' என்பது தடித்த தோலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. மண்வெட்டி பிடித்த கையின் காய்ப்பே இதன் மூலப்படிமம். காய்ப்பு பிறவியில் வருவதன்று. ஓயாத உராய்வால் வருவது. எனவே முன்பிருந்த உணர்வு இறுகிப்போனமை இச்சொல்லின் உள்ளுறையாகிறது. எனினும் சொற்பிறப்பைப் பொருளாகவே கொள்வது பிழை. 2013இல் வெளியான அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, நடத்தைக் கோளாறுள்ள சிறாரின் பரிவுணர்வின்மைக்கும் இச்சொல்லையே ஆள்கிறது. அங்குக் காய்ப்பேறிய வரலாறு எதுவும் வேண்டப்படுவதில்லை.

'இன்டிஃபரன்ட்' என்பதன் அடிப்பொருள் 'வேறுபாடு காணாத' என்பது. 1662ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருச்சபை வழிபாட்டு நூலில் இதன் வினையடை வடிவம், நீதி வழங்குவதில் நடுநிலையைக் குறிக்கும் புகழ்ச்சொல்லாகவே நிற்கிறது. இச்சொல் அக்கறையின்மைக்கும், தரத்தில் நடுத்தரமானது என்னும் பொருளுக்கும் இறங்கியது. இதனால் ஒரு மருத்துவரை 'இன்டிஃபரன்ட்' என்றால் அவர் அக்கறையற்றவரா, திறன் குறைந்தவரா என்பதைச் சூழலே தெளிவிக்க வேண்டும். கொலையைக் 'கேலஸ்' எனலாம். 'இன்டிஃபரன்ட்' எனல் பொருந்தாது. புகழுரைக்கு 'இன்டிஃபரன்ட்' ஆக இருப்பதோ பெருமையே.

இவ்வேறுபாடு சட்டத்தில் கடுமை பெறுகிறது. 1976இல் எஸ்டெல் எதிர் கேம்பிள் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சிறைவாசியின் கடுமையான மருத்துவத் தேவையை வேண்டுமென்றே பொருட்படுத்தாமை அரசியலமைப்புக்கு மாறானது என்றது. 1994இல் ஃபார்மர் எதிர் பிரென்னன் தீர்ப்பு, பேரிடரை அறிந்திருந்தும் புறக்கணித்தலே இதன் அளவுகோல் என வரையறுத்தது. இங்கு 'இன்டிஃபரன்ஸ்' என்பதைக் 'கொடுமனம்' எனப் பெயர்த்தால், மெய்ப்பிக்க வேண்டியதே மாறிவிடும். அதிகாரி துன்புறுத்த விரும்பினார் எனக் காட்டத் தேவையில்லை. அறிந்தும் வாளாவிருந்தார் எனக் காட்டினால் போதும்.

தமிழில் 'நொதுமல்' என்னும் பழஞ்சொல் இங்கு நினைவுக்குரியது. நடுவுநிலைமை அதிகார உரையில் பரிமேலழகர் இதனைப் பகைக்கும் நட்புக்கும் இடைப்பட்டதாகக் கொள்கிறார். 'இன்டிஃபரன்ட்' என்பதன் பழைய பொருளுக்கு இது நெருங்கிவரும். குற்றப்பொருளுக்கு 'பொருட்படுத்தாத' என்பதே தகும். 'கேலஸ்' என்பதற்கு 'மரத்துப்போன' எனல் முழுதும் ஒவ்வாது. மரத்த கால் சிறிது நேரத்தில் உணர்வு பெறும். இலக்கிய ஆக்கங்களில் 'நெஞ்சு காய்த்துப்போன' என்றும், உளமருத்துவ நூல்களில் படிமம் நீக்கிப் 'பரிவுணர்வற்ற' என்றும் ஆளலாம்.