ரிப்பேருக்குக் கொடுத்த போன், இழுத்து மூடிய கடை

ரிப்பேருக்கு வாங்கிவைத்த போனைத் திருப்பித் தருமுன் கடை திவாலாகிவிட்டால், வாடிக்கையாளருக்கு வர வேண்டியவை இரண்டு: ஒன்று போன், மற்றது, பழுதைச் சரிசெய்து தருவதாகக் கடை கொடுத்த வாக்கு. பிரிட்டனின் சட்டம் இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. போன் அவருடைய சொத்து. வாக்கு, கடை அவருக்கு வைத்திருக்கும் பாக்கி. யாரிடம் முதலில் போவது என்பதை இந்த வேறுபாடுதான் முடிவு செய்கிறது.

2014 செப்டம்பர் 15 திங்கட்கிழமை, பிரிட்டனில் மொபைல் போன் விற்றுவந்த போன்ஸ் ஃபோர் யூ நிறுவனத்தின் 550க்கும் மேற்பட்ட கடைகள் திறக்கப்படவில்லை. அங்கே இணைப்பு விற்ற நெட்வொர்க்குகளில் ஓ2 முன்பே விலகிவிட்டது. வோடபோனும், கடைசியாக ஈஈயும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்ததும் அக்கடைகளுக்கு விற்க இணைப்பே இல்லாமல் போனது. ஐபோன் 6 விற்பனைக்கு வர நான்கே நாள் இருந்தது. நிறுவனத்தின் பொறுப்பு கணக்காய்வு நிறுவனமான பிடபிள்யூசியைச் சேர்ந்த திவால் நிர்வாகிகளின் கைக்கு வந்தது. முன்பதிவு செய்தவர்களைவிட, பழைய போனைக் கடைக்குள் விட்டுவந்தவர்களின் நிலைதான் சிக்கலானது.

முதலில் போன். ரிப்பேருக்குக் கொடுப்பதால் உரிமை கைமாறுவதில்லை. கடை அதை வைத்துப் பாதுகாக்கிறது, அவ்வளவே. ஆகவே கடையின் கடனை அடைக்க நிர்வாகிகள் அதை விற்க முடியாது. கேட்பவர் தன்னுடையது என்று நிரூபித்தாக வேண்டும். ஒப்படைத்தபோது தந்த ரிப்பேர் சீட்டு, வாங்கிய ரசீது, ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ எண் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். போன் கையில் இல்லாதபோது ஐஎம்இஐயை எங்கே தேடுவது? போன் வந்த அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில், பார்கோடுக்கு அருகே அது அச்சாகியிருக்கும். பெட்டியைத் தூக்கிப்போடாதவர்கள் பிழைத்தார்கள். பல கடைகள் ரிப்பேரைத் தாங்களே செய்யாமல் வெளியே ஒரு பணிமனைக்கு அனுப்பிவிடுவதால், போன் இப்போது எங்கே இருக்கிறது என்பதையும் நிர்வாகிகளிடம் எழுத்தில் கேட்பது நல்லது. வேலை முடிந்து கூலி பாக்கியிருந்தால், அது வரும்வரை ரிப்பேர் செய்தவர் போனைப் பிடித்துவைக்கலாம். கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளை முறைப்படி அறிவிப்பு அனுப்பி விற்கவும் 1977ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடம் தருகிறது. வீடு மாறியவர்கள் புதிய முகவரியைத் தெரிவிக்க வேண்டியது இதனால்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ‘ரிப்பேர் ஆகாது, போனை வைத்துக்கொண்டு பணம் தருகிறோம்’ என்று கடை ஒப்புக்கொண்ட பிறகு திவாலாகியிருந்தால், வாடிக்கையாளர் பெரும்பாலும் போனின் சொந்தக்காரராக இருப்பதில்லை. பணம் வர வேண்டியவர்களில் ஒருவராகிவிடுகிறார். இது மிக மோசமான இடம்.

அடுத்து வாக்கு. 2015 அக்டோபர் 1 முதல் நடப்பிலுள்ள நுகர்வோர் உரிமைச் சட்டம் தாராளமானதுதான்: குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பித் தரலாம், அதன் பிறகு கடைக்கு ஒரு முறை சரிசெய்யும் வாய்ப்பு, முதல் ஆறு மாதத்தில் தெரியும் குறை வாங்கும்போதே இருந்தது என்றே கொள்ளப்படும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆறு ஆண்டுவரை, ஸ்காட்லாந்தில் ஐந்து ஆண்டுவரை வழக்குத் தொடரலாம். ஆனால் இவை எல்லாமே விற்றவரை நோக்கிய உரிமைகள். நிர்வாகிகள் பொறுப்பேற்றதும், அவர்கள் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் அந்த நிறுவனத்தின்மீது வழக்கே போட முடியாது. ஆகவே விற்றவரை விட்டு, உயிரோடிருக்கும் வேறு யாரேனும் பொறுப்பேற்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

போனுக்கு ஒரு வயது ஆகாமல், குறையும் தயாரிப்பில் வந்ததாக இருந்தால், தயாரிப்பாளரின் வாரண்டியே சுருக்கு வழி. ஆப்பிளோ சாம்சங்கோ தரும் வாரண்டி கடையைச் சார்ந்ததல்ல. கீழே விழுந்த போனுக்கும், நனைந்த போனுக்கும் அது பயன்படாது. கடைக்காரர் திறந்து கைவைத்த போன் என்றால் தகராறு வரலாம்.

வாரண்டி முடிந்தவர்களுக்குக் கிரெடிட் கார்டுதான் பெரிய துணை. 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கு, விற்றவரோடு சேர்ந்து கார்டு நிறுவனமும் பொறுப்பாளி. கணக்கில் வருவது பொருளின் விலை. கார்டில் கட்டிய தொகை அல்ல. 600 பவுண்டு போனுக்கு 20 பவுண்டு முன்பணத்தை மட்டும் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தாலும் முழு விலைக்கும் கோரலாம். வேறிடத்தில் சரிசெய்த செலவையும் கேட்க முடியும். குறை தன் தவறால் வந்ததல்ல என்று காட்டும் வேலை வாடிக்கையாளருடையதாகலாம் என்பதால், சுயேச்சையான பழுதுபார்ப்பவரின் ஒரு பக்கக் குறிப்பு கையில் இருப்பது உதவும்.

டெபிட் கார்டில் கட்டியவர்களுக்கு, கட்டிய பணத்தை வங்கி வழியே திரும்பக் கேட்கும் சார்ஜ்பேக் உண்டு. அது சட்டம் தந்த உரிமையல்ல. விசா, மாஸ்டர்கார்டு போன்றவை வகுத்துக்கொண்ட விதி. பொதுவாக 120 நாள் கெடு இருப்பதால் இரண்டு ஆண்டுக்கு முன் வாங்கிய போனுக்கு அது பொருந்தாது. ஆனால் முன்கூட்டியே கட்டிய 60 பவுண்டு ரிப்பேர் கூலியைத் திரும்பப் பெற இதுவே சரியான வழி. அந்தத் தொகைக்கு 75ஆம் பிரிவு எட்டாது. வங்கி மறுத்தால், அதன் இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் நிதிச் சேவைகளுக்கான குறைதீர் அமைப்பிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

காப்பீடு வைத்திருப்பவர் பாலிசியில் எழுதியுள்ள காப்பீட்டு நிறுவனத்தின் பெயரைப் பார்க்க வேண்டும். அது கடையல்லாத வேறு நிறுவனமாக இருந்தால் பாலிசி பெரும்பாலும் தொடரும். விசாரிக்காமல் தவணையை நிறுத்துவது அசட்டுத்தனம். மாதச் சந்தாவும் அப்படியே: ஒப்பந்தம் நெட்வொர்க்கோடு இருக்கையில், போன் இல்லாத கோபத்தில் கட்டாமல் விட்டால் கெடுவது வாடிக்கையாளரின் கடன் வரலாறுதான்.

எதுவும் கைகொடுக்காதவர்கள் நிர்வாகிகளிடம் பாக்கிக் கோரிக்கைப் படிவம் கொடுக்கலாம். அடமானம் பெற்ற வங்கிகளுக்கும் ஊழியர்களுக்கும் பிறகே இவர்கள் முறை வரும். பவுண்டுக்குச் சில பென்னி கிடைத்தால் பெரிது. அதே இடத்தில் வேறு பெயர்ப் பலகையோடு கடை மறுபடி திறந்தால் அங்கே போய்க் கேட்பதில் பெரும்பாலும் பயனில்லை. போன்ஸ் ஃபோர் யூவின் 140 கடைகளை வோடபோனும் 58 கடைகளை ஈஈயும் வாங்கின. இப்படி வாங்குபவர்களுக்குக் கட்டடமும் ஊழியர்களும் வருவார்கள். ஒப்பந்தத்தில் தனியாக ஏற்றுக்கொண்டாலொழிய, பழைய ரிப்பேர் சீட்டுகளின் பொறுப்பு வராது.