யானைக்கு ஒரு பாதை
(சமய வகுப்புப் பாடம்: 6 முதல் 9 வயது)

வனவிலங்கு என்றாலே சிங்கம், ஒட்டகச்சிவிங்கி படத்தைக் கொடுத்து வர்ணம் தீட்டச் சொல்வது நம்ம வழக்கம். இந்த முறை வேண்டாம். அவை நம் காட்டில் இல்லை. பிள்ளையாரிலிருந்து தொடங்குங்கள்.

பிள்ளையாருக்கு எந்த விலங்கின் முகம் என்று கேட்டால் எல்லாக் கையும் உயரும். "அந்த யானை மலேசியாவுல எங்கே இருக்கு?" என்று கேளுங்கள். "ஸூ நெகாரா" என்று பதில் வரும். அங்கேதான் நம்ம வேலை ஆரம்பிக்குது.

பேராக்கில் பெலும்-தெமெங்கோர் காட்டைக் கிரிக்–ஜெலி நெடுஞ்சாலை வெட்டிப் போகிறது. அடர்ந்த காட்டுக்குள் நிழலில் புல் அதிகம் வளராது. சாலையோரம் வெயில் படுவதால் செழிக்கும். அதைத் தின்ன யானைகள் வரும், பெரும்பாலும் இரவில். 2025 மே 11, அன்னையர் தினம். விடியும் முன்னே ஒரு குட்டி யானை அங்கே லாரியில் அடிபட்டு இறந்தது. தாய் அந்த லாரியை விட்டு நகரவே இல்லை. தலையால் முட்டிக்கொண்டே நின்றது.

இதைச் சின்னப் பிள்ளைகளிடம் சொல்லலாமா? சொல்லலாம் என்பது என் கருத்து. வீடியோ மட்டும் காட்டாதீர்கள். "குட்டி செத்துப் போச்சா?" என்று கேட்டால் "ஆமாம்" என்று சொல்லுங்கள், தூங்குது என்று மழுப்ப வேண்டாம். லாரி ஓட்டுநரைக் கெட்டவராக்கவும் வேண்டாம். இருட்டில் சாம்பல் நிற உடல் சட்டென்று கண்ணுக்குத் தெரியாது.

அடுத்து விளையாட்டு. மேசையில் பச்சைத் துணி, அதன் குறுக்கே நீளமான கறுப்புத் தாள்பட்டை, பிள்ளைகளே செய்த களிமண் யானைகள். "ரோட்டைத் தொடாம அந்தப் பக்கம் போகணும், எப்படி?" யாராவது யானைக்கு சிக்னல் லைட் வைப்பார்கள். வைக்கட்டும். எல்லாம் முயன்ற பிறகு இரண்டு தீப்பெட்டிகளை நிறுத்தி, பட்டையை அவற்றின் மேல் தூக்கி வையுங்கள். கார் மேலே, யானை கீழே. கிரிக்கில் இப்படியொரு பாலம் உண்மையிலேயே இருக்கு.

பொறியியல் படிக்கிறவன் சொல்றேன், பாலம் மட்டும் போதாது. துணியின் ஒரு பக்கத்தைச் சுருட்டி எடுத்துவிட்டு, "இப்போ யானை எங்கே போகும்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

நேரம் இருந்தால் துர்க்கையின் புலி. நாட்டுச் சின்னத்தில் இரண்டு புலி நிற்குது. காட்டில் மிஞ்சியிருப்பதோ 150க்கும் குறைவு.

வீட்டுப்பாடம்: கிழக்குக்கரைக்குப் போகும்போது மஞ்சள் யானைப் பலகையைக் கண்டால், "மெதுவா போங்கப்பா" என்று சொல்ல வேண்டும்.