பிறையும் நிய்யத்தும்

 

ரமலான் நெருங்கிவிட்டால் நம் சாஆ கடைத்தெருவிலும் "பிறை தெரிந்ததா?" என்பதே பேச்சு. ஊரில் ஒரு நாள், கொழும்பில் ஒரு நாள் என்று செய்தி வந்தால் வாக்குவாதமும் மூண்டுவிடுகிறது. பிறைக்காக இத்தனை கவலைப்படும் நாம், அதற்குப்பின் செய்யவேண்டிய நிய்யத்தைப் பற்றி அந்த அளவு யோசிக்கிறோமா?

பிறை விஷயத்தில் முஸ்லிம்களுக்குள் பல வழக்கங்கள் உண்டு. இஸ்மாயிலிகளையே எடுத்துக்கொள்வோம். 1094-ல் கலீஃபா முஸ்தன்ஸிர் காலமானபின் அவர்கள் இரு கிளைகளாயினர். ஒரு கிளையில் வந்த போராக்கள் சென்னையிலும் கொழும்பிலும் வியாபாரம் செய்கிறவர்கள். அவர்கள் பிறையைக் கண்ணால் பார்த்து மாதம் தொடங்குவதில்லை. 30 ஆண்டுகளில் 11 ஆண்டுகளுக்கு ஒரு நாள் கூட்டும் பழைய கணக்கே அவர்களுக்கு ஆதாரம். அதில் ரமலான் எப்போதும் 30 நாள்.

மற்றக் கிளையைச் சேர்ந்த கோஜாக்கள் ஆகாகானைப் பின்பற்றுகிறவர்கள். புதுப்பிறை வெள்ளிக்கிழமையோடு கூடினால் 'சுக்ரவாரி பீஜ்' என்று விசேஷ நோன்பு பிடிப்பர். குஜராத்தியில் சுக்ரவார் என்றால் வெள்ளி. பீஜ் என்றால் இரண்டாம் பிறை. பிறை புதிதாகும்போது உள்ளத்தையும் புதிதாக்கிக்கொள்வதே அதன் கருத்து.

அவர்கள் வழி வேறு, நம் வழி வேறு. ஆனால் எண்ணத்தைப் புதுப்பிக்கும் கடமை நமக்கும் உண்டு; ரமலானில் அது இரவுதோறும் வருகிறது. ஷாஃபிஈ மத்ஹபில் ஒவ்வொரு நோன்புக்கும் ஃபஜ்ருக்கு முன் நிய்யத்து வேண்டும். மறந்து தூங்கிவிட்டவர் அன்று பகல் உண்ணாமல் இருந்து, பிறகு அந்த நோன்பைக் களாச் செய்யவேண்டும். ஹனஃபி மத்ஹபில் நடுப்பகலுக்கு முன்வரை இடமுண்டு. மாலிகி மத்ஹபில் முதல் இரவில் மாதம் முழுவதற்கும் ஒரே நிய்யத்துப் போதும். ஆகவேதான் இந்நாட்டில் பலர் முதல் இரவில் மாதம் முழுவதற்கும் நிய்யத்து வைத்துக்கொண்டு, இரவுதோறும் புதுப்பித்தும் வருகிறார்கள். மறதிக்கு அது ஒரு காவல்.

நிய்யத்தின் இடம் உள்ளம். தராவீஹுக்குப் பின் இமாம் சொல்லித்தருவதை வாய் திருப்பிச் சொல்ல, மனம் கடைக் கணக்கில் கிடந்தால் அது நிய்யத்தாகாது. நாளை ரமலான் நோன்பு என்ற நினைவோடு ஸஹர் உண்டாலோ, அந்த நினைவே நிய்யத்து.

மலேசியாவில் நோன்பின் முதல் நாளை அரசர்களின் முத்திரைக் காப்பாளர் அறிவிக்கிறார். தேதி சொல்வது அவர் பொறுப்பு. அதில் நாம் சண்டையிட ஒன்றுமில்லை. ஊரிலுள்ள தம்பி ஒரு நாள் பிந்திப் பிடித்தால் அவன் நோன்பைக் குறை சொல்லவும் வேண்டாம். நம் நிய்யத்தோ நம் பொறுப்பு. அதை வேறொருவர் நமக்காகச் செய்ய முடியாது. ரமலான் இரவில் கடைக் கதவைச் சாத்தியதும், கல்லாப் பணத்தை எண்ணுமுன் நாளைய நோன்பை எண்ணிக்கொள்ளுங்கள்.