இரு அன்னையர் கற்பித்த பாடம்

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஷ்யாம் என்னும் சிறுவன் பெரும்பாலும் குழந்தைகளின் மராத்திப் பாடநூல் வழியாகவே அறிமுகமாகிறான். தாராவியின் சந்துகளிலும், மாதுங்காவின் பழைய அடுக்குமாடிகளிலும், செம்பூரின் காலனிகளிலும் ஏதோ ஒரு வீட்டில் ஒரு குழந்தை அவன் கதையை உரக்கப் படித்துக்கொண்டிருக்கும். தாய்க்கு அந்தக் கதை பாதி புரியும், பாதி புரியாது. ஆனால் அது ஒரு தாயைப் பற்றிய கதை என்பது மட்டும் உடனே விளங்கிவிடும்.

ஷ்யாம் வேறு யாருமல்லர். சானே குருஜி என்று மகாராஷ்டிர மக்கள் அன்புடன் அழைக்கும் பாண்டுரங்க சதாசிவ சானேதான். 1899-இல் கொங்கணத்தில் உள்ள பால்கட் என்னும் சிற்றூரில் பிறந்தவர். ‘ஷ்யாம்சீ ஆயீ’, அதாவது ‘ஷ்யாமின் அன்னை’ என்ற நூலை அவர் எழுதியது 1933 பிப்ரவரியில், நாசிக் சிறையில். தன் நண்பர்களுக்கு இரவு இரவாக அன்னையைப் பற்றிச் சொல்லிவரும் ஒருவனின் நினைவுகளாக அது அமைந்துள்ளது.

அதற்கு முந்தைய ஆண்டு அவர் துலே சிறையில் இருந்தார். அங்கே ஆசாரிய வினோபா பாவே 1932 பிப்ரவரி 21 முதல் ஜூன் 19 வரை, பதினெட்டு ஞாயிற்றுக்கிழமைகளில், கீதையின் பதினெட்டு அத்தியாயங்களையும் சக கைதிகளுக்கு விளக்கினார். அவ்வுரைகளை எழுத்தில் பிடித்து நமக்குத் தந்தவர் சானே குருஜியே. ‘கீதைப் பேருரைகள்’ இன்று பல மொழிகளில் சாதகர்களின் கையில் உள்ளதென்றால், அதற்கு அந்தச் சிறைக் குறிப்புகளே மூலம். பேசியவர், எழுதியவர் ஆகிய இருவருக்குமே முதல் ஆசிரியர் பெற்ற தாய்தான் என்பதை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

வினோபாவின் அன்னை ருக்மிணி தேவி பெரும் படிப்புப் படித்தவரல்லர். கீதையை அறிய விரும்பினார், சம்ஸ்கிருதம் தெரியாது. மராத்தி மொழிபெயர்ப்புகளும் கடினமாக இருந்தன. நீயே எனக்காக எளிய மராத்தியில் எழுதக் கூடாதா என்று மகனிடம் கேட்டார். 1918-இல் அவர் காலமானார். 1930 அக்டோபரில் தொடங்கி 1931 பிப்ரவரியில் வினோபா முடித்த மராத்திக் கீதையின் பெயர் ‘கீதாயீ’, அதாவது கீதை அன்னை. கேட்டவர் அதைப் படிக்க இல்லை. ஆனால் அவர் கேட்டிராவிட்டால் அந்நூல் இல்லை. (மும்பைத் தமிழ் வீடுகளில் இன்று பாட்டிக்குத் தமிழ் மட்டுமே தெரியும்; பேரக்குழந்தைக்குத் தமிழ் எழுத்து தெரியாது. தன் மொழியில் சொல் என்று கேட்கும் பாட்டிகளுக்கு நம் சத்சங்கங்கள் என்ன விடை தருகின்றன?)

அந்த அன்னையைப் பற்றி வினோபா கூறும் மற்றொரு நிகழ்ச்சி சிந்தனைக்குரியது. அவர்கள் வீட்டில் ஓர் ஏழை மாணவன் தங்கிப் படித்தான். பழைய உணவு மீந்தால் தாய் தாமே உண்பார். மிஞ்சினால் மகனுக்கு இடுவார். அம்மாணவனுக்கு எப்போதும் சூடான புதிய உணவுதான். எல்லோரிடமும் சமபாவம் வேண்டும் என்று போதிக்கும் நீங்களே பேதம் பார்க்கலாமா என்று மகன் கேட்டார். தாய் மறுக்கவில்லை. பேதம் இருப்பது உண்மைதான், அவன் என் கண்ணுக்கு இறைவனாகத் தெரிகிறான், நீயோ இன்னும் மகனாகத்தான் தெரிகிறாய் என்ற பொருளில் விடை கூறினார். சமபாவத்தை விளக்கும் உரைகள் பல உண்டு. தன் குறையைத் தானே ஒப்புக்கொண்டு, அதையே உபதேசமாக்கிய இந்த விடைக்கு நிகராக ஒன்றைக் காண்பது அரிது.

ஷ்யாமின் தாயோ சில சமயம் கண்டிப்பானவர். நீந்தக் கற்க அஞ்சி ஒளிந்துகொண்ட மகனை அடித்துக் கிணற்றுக்கு அனுப்பினார். ஊரார் அவனைக் கோழை என்று சொல்லக் கூடாதே என்ற வேதனை அவருக்கு. குளித்த ஈரப் பாதத்தில் மண் ஒட்டக் கூடாது என்று அடம்பிடித்த அதே மகனுக்கு, தம் சேலையையே தரையில் விரித்தார். மகன் அதன்மேல் நடந்தான். பாதத்துக்கு இத்தனை காவல் வைப்பவன் மனத்துக்கும் வைக்க வேண்டாமா என்று அதன்பின் கேட்டார். முதலில் குழந்தையின் விருப்பம் நிறைவேறியது. பிறகுதான் பாடம் வந்தது. நாம் பெரும்பாலும் இவ்வரிசையை மாற்றிவிடுகிறோம்.

அந்நூலில் என் உள்ளத்தை மிகவும் தொட்டது விறகுக் கட்டின் கதை. தீண்டாமை கொடுமையாக நிலவிய காலம். மஹர் குலத்து மூதாட்டி ஒருத்தியின் தலைச்சுமை கீழே விழுந்துவிட்டது. தூக்கிவிட எவரும் இல்லை. அந்தணச் சிறுவனான ஷ்யாமைத் தாய் அழைத்து, போய்த் தூக்கிவிடு, பிறகு வந்து குளித்துக்கொள் என்றார். கிழவியே அஞ்சினாள், கண்டவர்கள் கண்டித்தார்கள்.

குளித்துக்கொள் என்ற சொல் இன்று நமக்கு உறுத்துகிறது, உறுத்தத்தான் வேண்டும். அதை மறைத்து அவ்வன்னையைப் புகழ்வது நேர்மையாகாது. வழக்கத்தை உடைக்கும் வலிமை அவரிடம் இல்லை. ஆனால் ஒரு முதியவள் வெயிலில் நிற்கையில் அவ்வழக்கத்துக்காகக் காத்திருக்கவும் அவர் மனம் இசையவில்லை. தம்மால் இயன்ற தூரம் நடந்தார். எஞ்சிய தூரத்தை மகனுக்கு விட்டுச் சென்றார். தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து குடியேறியவர்களில் பலரின் முன்னோர், அந்த மூதாட்டியின் நிலையில் நின்றவர்களே. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இக்கதையைப் பாடமாகப் படிக்கும்போது, அது கருணையைப் பற்றியதாக மட்டும் இருக்க முடியாது.

1917-இல் அன்னை மறைந்தபோது மகன் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தார். வறுமையிலும் கடனிலும் கழிந்த அவ்வாழ்வின் முடிவில் அருகிருக்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1947 மே மாதம் முதல் தேதி, பண்டரிபுரத்தில் விட்டலனின் ஆலயம் ஒடுக்கப்பட்டோருக்கும் திறக்கப்பட வேண்டும் என்று அவர் உண்ணா நோன்பு தொடங்கினார். அதற்கு முன்பே மாதக்கணக்கில் மகாராஷ்டிரமெங்கும் ஊர் ஊராகச் சென்று மக்களின் மனத்தைத் திறக்க முயன்றிருந்தார். பத்து நாட்கள் அளவில் நோன்பு நீடித்தபின் ஆலயத்தார் இசைந்தனர். விறகுக் கட்டைத் தூக்கியபின் குளித்த சிறுவனுக்கு, இம்முறை குளிக்கச் சொல்ல யாருமில்லை.

தமிழர்களாகிய நமக்கு அவரிடம் தனி உறவும் உண்டு. 1930-ஆம் ஆண்டுச் சட்டமறுப்பு இயக்கத்தில் சிறைப்பட்ட சானே குருஜி, திருச்சிராப்பள்ளிச் சிறையிலும் வைக்கப்பட்டிருந்தார். தென்னாட்டுக் கைதிகளுடன் பழகிய அந்நாட்களில்தான், இந்தியர் ஒருவர் மொழியை ஒருவர் கற்க வேண்டும் என்ற எண்ணம் அவருள் வேரூன்றியது. பின்னாளில் ‘ஆந்தர பாரதி’ என்று அதற்குப் பெயரிட்டார். திருக்குறளை மராத்தியில் தந்தவர்களில் அவரும் ஒருவர். அம்மொழிபெயர்ப்பு 1948-இல் வெளிவந்தது.