எஞ்சின் வெப்ப உணர்கருவி: பழுதறிதலும் சீர்செய்தலும்

தோவாளைப் பூச்சந்தைக்கு விடியுமுன் பூக்கூடைகளை ஏற்றிச் செல்லும் கார் வழியில் நின்றுவிட்டால், நட்டம் வண்டியோடு முடிவதில்லை. வாடிய பூவை வாங்குவார் இலர். ஆகவே நாஞ்சில் நாட்டு விவசாயிகள் பம்புசெட்டைப் போலவே கார் எஞ்சினைப் பற்றியும் சிறிது அறிந்திருத்தல் அவசியம். இங்கு நாம் கவனிக்கப் போவது வெப்ப உணர்கருவி. பணிமனைகளில் இதனை 'டெம்பரேச்சர் சென்சார்' என்பர்.

இதன் வேலை யாது?

முற்காலப் பெட்ரோல் கார்களில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப நாமே சோக்கை இழுத்தோம். இன்று பெட்ரோலின் அளவை ஒரு சிறு கணினி நிர்ணயிக்கிறது. எஞ்சினைச் சுற்றியோடும் கூலண்டின் சூட்டை அதற்குத் தெரிவிப்பது இக்கருவியே. சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். பல கார்களில் 20 டிகிரியில் ஏறத்தாழ 2,000 முதல் 3,000 ஓம் வரையும், 80 டிகிரியில் 300 ஓம் அளவிலும் இருக்கும். சரியான அளவை வண்டியின் கையேட்டில் காணலாம்.

பழுதின் அறிகுறிகள்

காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆகாமை, கரும்புகை, பெட்ரோல் செலவு மிகுதல், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் விசிறி ஓடுதல், எஞ்சின் விளக்கு எரிதல் ஆகியவை. ஸ்கேனர் கருவியில் பி0117 அல்லது பி0118 என்னும் குறியீடு தோன்றலாம். இக்குறியீடு மின்சுற்றில் கோளாறு என்று மட்டுமே கூறும்; கருவி கெட்டது என்று கூறாது. இதனை உணராமல் உடனே புதுக்கருவி வாங்குவது வீண் செலவு.

சோதிக்கும் முறை

முதலாவது, எஞ்சின் நன்கு ஆறிய பிறகு கூலண்டின் அளவைப் பார்க்க வேண்டும். சூடாயிருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறப்பது பேராபத்து.

இரண்டாவது, சாவியை அணைத்து, கருவியின் இணைப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் கடற்காற்றின் உப்பும் இருபருவ மழையின் ஈரமும் சேர்ந்து இணைப்பில் பச்சைக் களிம்பு ஏறச் செய்யும். வைக்கோற்போரின் அருகே நிற்கும் வண்டியில் எலி கம்பியைக் கடித்திருப்பதும் உண்டு. களிம்பை அதற்கான ஸ்பிரேயால் துடைத்து, அறுந்த கம்பியைச் சீர்செய்தாலே பலமுறை குறை தீர்ந்துவிடும்.

மூன்றாவது, குறை நீடித்தால் கருவியைக் கழற்றி, அதன் முனையை நீரில் அமிழ்த்திச் சூடேற்றி, மல்டிமீட்டரால் ஓம் அளவைக் காண வேண்டும். அளவு படிப்படியாகக் குறைந்தால் கருவி நல்லது. அசையாமல் நின்றாலோ, திடீரெனத் தாவினாலோ மாற்றுவதே முறை.

புதிய கருவியைப் புது வாஷருடன் அளவாக முடுக்கி, கூலண்டை நிரப்பி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, பழைய குறியீட்டையும் அழிக்க வேண்டும்.

குறையை அசட்டை செய்து ஓட்டினால் சூடேறுவது தெரியாமலே எஞ்சின் பழுதாகக் கூடும். ஊராட்சிக்கு வண்டி உள்ள ஊர்களில், உறுப்பினர்கள் பழுதுச் செலவுக்கு ஒப்புதல் தருமுன் இணைப்பும் கம்பியும் சோதிக்கப்பட்டனவா என்று கேட்பார்களாக. அவ்வொரு கேள்வி ஊர்ப்பணத்தைக் காக்கும்.