வேலையை விட்டுவிடட்டுமா?

கேள்வி: பக்கவாதத்தில் படுத்திருக்கும் அம்மாவுடன் குர்லாவில் இருக்கிறேன். அந்தேரியில் வேலை, சம்பளம் 19,000 ரூபாய். அண்ணன் திருநெல்வேலியில். வேலையை விட்டுவிடட்டுமா?
— வாசகி, குர்லா

பதில்: விடாதீர்கள் சகோதரி. அம்மாவின் மருந்துக்கு அந்தச் சம்பளம்தான் ஆதாரம். சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். 21,000 ரூபாய் வரை வாங்குவோருக்கான திட்டம் அது. தனி வருமானமின்றி உங்களை நம்பியிருக்கும் அம்மாவுக்கும் அதில் சிகிச்சை உண்டு. இது தெரியாமலே பலர் கடன் வாங்குகிறார்கள். அம்மாவின் பெயரைச் சேர்க்கச் சொல்லி ஆபீஸில் கேளுங்கள்.

பெற்றோரைக் கவனிக்கவென்று தனியார் ஊழியருக்குச் சட்டத்தில் தனி விடுப்பு இல்லை. ஷிப்ட் மாற்றத்தை எழுத்திலேயே கேளுங்கள்.

பகலுக்கு ஓர் ஆயா வேண்டும். இரண்டு மணிக்கொரு முறை அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்க அவரைப் பழக்குங்கள். படுக்கைப்புண் வந்தால் ஆறுவது பெரும்பாடு. ஆயா சம்பளத்தை அண்ணன் அனுப்பட்டும். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் ஒரே பொறுப்புதான். உடம்பு உழைப்பு முழுவதும் உங்களுடையது. பணத்தையாவது அவர் தரட்டும். கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஆலோசனைக்கு முதியோர் உதவி எண் 14567, கட்டணமில்லை.